வயலுக்கு இட்டது கடலுக்குப் போகிறது

அம்பாசமுத்திரம் என்ற பெயரிலேயே கடல் இருக்கிறது. ஊரில் நின்று பார்த்தால் மேற்கே பொதிகை மலை, சுற்றிலும் நெல் வயல், நடுவே தாமிரபரணி ஆறு. கடல் எங்கோ கிழக்கே கிடக்கிறது. அம்பை என்று சுருக்கி அழைக்கும் இந்த ஊருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் சேரன்மகாதேவி, திருநெல்வேலி, சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று ஊர் ஊராகக் கடந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அம்பைக்காரர்கள் பெரும்பாலோர் அந்தக் கழிமுகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வயலில் தூவியதில் ஒரு பங்கு வருஷாவருஷம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

நடவு முடிந்த சில வாரங்களில் இந்தப் பக்கத்து உரக்கடை எதிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது.

“அண்ணாச்சி, பயிர் வெளுத்துக் கிடக்கே?”

“ஒரு மூட்டை யூரியாவைத் தட்டி விடுங்க. மூணாம் நாள் கருகருன்னு வந்துரும்.”

வரத்தான் செய்யும். அதில் பொய் இல்லை. 45 கிலோ மூட்டை ஒன்றில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். அரசு மானியத்தில் மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கூலி ஏறிவிட்டது, டீசல் ஏறிவிட்டது, யூரியா மட்டும் ஏறவில்லை. ஒரு மூட்டை போதும் என்று தெரிந்தாலும் மனசு கேட்காமல் இன்னொன்றைச் சேர்த்துப் போடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஆனால் தண்ணீர் நிற்கும் நெல் வயலில் தூவிய தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். கொஞ்சம் கூடலாம், பாதியைத் தாண்டுவது அரிது. மிச்சத்தில் கணிசமான பகுதி அம்மோனியாவாகவும் வேறு வாயுக்களாகவும் காற்றில் போகிறது. இன்னொரு பகுதி நைட்ரேட்டாகக் கரைந்து மண்ணுக்குக் கீழே இறங்குகிறது, அல்லது வாய்மடை வழியாக வடிகாலுக்கும் வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் போகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவ்வளவு எளிதில் கரையாது. அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, பெருமழையில் கரைந்தோடும் கலங்கல் தண்ணீரில் பயணம் செய்யும்.

இந்தப் பள்ளத்தாக்கின் பயிர்க் காலங்களை நினைத்துப் பாருங்கள். கார் சாகுபடி ஜூனில் தென்மேற்குப் பருவத்தை நம்பித் தொடங்குகிறது. பிசானம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு வருகிறது. பிசானத்துக்கு மேலுரம் இடும் நாட்களும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களும் ஒன்றே. காலையில் தூவிய யூரியா, சாயங்கால மழையில் வரப்பைத் தாண்டிவிடும். விவசாயிக்குக் காசு போச்சு. ஆற்றுக்கு வேண்டாத சத்து வந்து சேர்ந்தாச்சு. இரண்டு நஷ்டமும் ஒரே மழையில்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

தாமிரபரணியைப் பற்றிய நம் கவலை எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே இருந்திருக்கிறது. பாபநாசம் படித்துறையில் விட்டுப் போகும் துணிகள், கரையோரப் பிளாஸ்டிக், சாக்கடை கலக்கும் இடத்துக் கருப்பு நீர் ஆகியவற்றைப் பார்த்ததும் வயிறு எரிகிறது, எரியத்தான் வேண்டும். கரைந்த தழைச்சத்துக்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை. ஒரு கை அள்ளிக் குடித்தால் ருசியும் தெரியாது.

அது இருப்பதைச் செடிதான் காட்டிக்கொடுக்கும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலேயும், நெல்லையைச் சுற்றியுள்ள கால்வாய்களிலும் குளங்களிலும் தண்ணீரே தெரியாதபடி படர்ந்து கிடக்கிற அமலைச் செடியைப் பார்க்காதவர் இந்த மாவட்டங்களில் இல்லை. வெளியூரில் ஆகாயத்தாமரை என்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி மெலிந்த தண்ணீரில் இப்படிக் கொழுக்காது. பொக்லைன் வைத்து வாரி எடுக்கிறோம், அடுத்த மழைக்குள் மறுபடி மூடிவிடுகிறது. செடியை எடுக்கிறோமே தவிர, அதற்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள், அவற்றில் தாமிரபரணியும் ஒன்று. ஐந்து படிகளில் கடைசிப் படியில், அதாவது மாசு குறைந்த வரிசையில் வைத்திருந்தார்கள். சிலர் அதைப் படித்துவிட்டு ஆறுதல் அடைந்தார்கள். அந்தப் படி எதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது தெரியுமா? தண்ணீரில் உள்ள அழுகும் பொருளைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற ஒரு கணக்கை வைத்து. சாக்கடையைக் கண்டுபிடிக்க நல்ல கணக்குதான். ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அழுகும் பொருள் அல்ல. ஒரு ஆறு அந்தப் பரீட்சையில் தேறிக்கொண்டே, டன் கணக்கில் சத்தைக் கடலில் கொட்ட முடியும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கதையும் இதுவே. மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட அறிவிக்கையில் சுத்திகரித்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பே கிடையாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் தலையிட்டு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் தழைச்சத்து, 1 மில்லிகிராம் மணிச்சத்து என்று எல்லை வகுத்தது. வழக்கமான நிலையம் அழுகலை நீக்கும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், அத்தோடு நிறுத்திக்கொள்ளும். வெளியே வருவது தெளிந்த நீர்தான். அமலைக்கும் பாசிக்கும் அதைவிட நல்ல சாப்பாடு இல்லை.

மனிதக் கழிவின் அளவை நாம் குறைவாக நினைக்கிறோம். ஒரு ஆள் ஒரு நாளில் வெளியேற்றும் தழைச்சத்து ஏறத்தாழ 10 கிராம், பெரும்பாலும் சிறுநீரில். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சி மக்கள்தொகை சுமார் 4.7 லட்சம். பெருக்கிப் பாருங்கள். நாளொன்றுக்கு இருநூறுக்கு மேற்பட்ட யூரியா மூட்டைக்குச் சமமான தழைச்சத்து ஒரு நகரத்திலிருந்து மட்டும் உண்டாகிறது. எல்லாமே ஆற்றுக்குப் போவதில்லை. வீட்டுத் தொட்டியில் தங்குவது உண்டு, பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது உண்டு. ஆனால் ஆற்றில் நேராக விழும் சாக்கடைகளும் இருக்கின்றன. அது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.புகழேந்தியும் 2024 நவம்பரில் ஆற்றங்கரைக்கே நேரில் வந்து பார்த்தார்கள். நீதிபதிகள் இறங்கி வந்து பார்க்க வேண்டிய நிலைக்கு ஒரு ஆறு வந்துவிட்டது என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

முண்டந்துறைக் காட்டிலிருந்து வெளிப்படும் வரை இந்த நீருக்கு இந்தச் சுமை கிடையாது. பாபநாசத்துக்குக் கீழே சேர்ந்தது அத்தனையும் நம் கைங்கரியம்.

கொற்கைக்குக் கொடுத்ததும் இன்று கொடுப்பதும்

ஆறு கடலுக்குச் சத்துக் கொண்டுபோவது புதிதல்ல. அது ஆற்றின் இயல்பு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடற்கரையில் இல்லை, சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. அதன்பின் காயல் எழுந்தது, அதுவும் தூர்ந்தது. கடைசியில் புன்னைக்காயல். 1586-ல் தமிழில் ‘அடியார் வரலாறு’ அச்சான ஊர் அது. ஒரு ஆற்றின் வண்டல் மூன்று துறைமுகங்களின் தலையெழுத்தை எழுதியிருக்கிறது.

அந்த வண்டலில் எல்லாம் அளவோடு இருந்தது. மலைப்பாறை தேய்ந்து வரும் சிலிக்கா அதில் முக்கியமானது. கடலில் டயாட்டம் என்ற கண்ணாடி ஓட்டு நுண்பாசிகள் உண்டு. சிறு மீனுக்கும் இறாலுக்கும் அவைதான் அடிப்படைத் தீனி. அவை வளர சிலிக்கா வேண்டும். அணைகள் வண்டலைத் தடுக்கும்போது சிலிக்காவின் ஒரு பகுதியும் அணையிலேயே தங்குகிறது. அணைக்குக் கீழே நாம் சேர்ப்பதோ தழைச்சத்தும் மணிச்சத்தும். தட்டில் ஒன்று குறைந்து இரண்டு கூடினால், டயாட்டம் பின்தங்கி, சிலிக்கா தேவைப்படாத வேறு பாசிகள் முந்திக்கொள்ளும். அவற்றில் சில கெடுதலானவை. உலகத்தின் பல கழிமுகங்களில் அறிவியலாளர்கள் கண்ட மாற்றம் இது.

மன்னார் வளைகுடா இதைத் தாங்கக்கூடிய கடலா? தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள், ஆவுளியா எனும் கடற்பசு என்று உயிர் நிறைந்த பகுதி. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். பவளத்துக்குத் தெளிந்த, மெலிந்த தண்ணீர் வேண்டும். சத்து மிகுந்தால் பாசி அதன் மேல் படர்ந்து வெளிச்சத்தை அடைத்துவிடும். கடற்புல்லுக்கும் இதே கதி.

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த வளைகுடாவின் வடபகுதியில் கடல் பச்சையாகிப்போனது. மீனவர்கள் பூங்கோரை என்றார்கள். அறிவியலாளர்கள் சொன்ன பெயர் நாக்டிலூகா. இரவில் அலை ஒளிர்ந்தது. ஊர்சனம் வேடிக்கை பார்த்தது. பிறகு மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மண்டபம் பக்கத்துச் சிங்கிள் தீவில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இறங்கி அளந்தபோது, நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. வேகமாக வளரும் பவள இனங்கள் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தன. பாசி பூத்துக் குலுங்கி, மடிந்து, அழுகும்போது சுற்றியுள்ள ஆக்சிஜனை எல்லாம் குடித்துவிடும். கீழே நகர முடியாமல் இருப்பவை அத்தனையும் மாட்டிக்கொள்ளும்.

இதற்குத் தாமிரபரணிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. புன்னைக்காயல் அங்கிருந்து வெகு தெற்கே. பாசிப் பூப்புக்குக் காற்று, நீரோட்டம், வெயில் என்று பல காரணங்கள் கூடி வர வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே வளைகுடா, ஒரே ஆழமற்ற கடல். மூச்சு முட்டினால் என்ன ஆகும் என்பதை அது ஒருமுறை காட்டிவிட்டது. வைப்பாறு முதல் தாமிரபரணி வரை அதில் சேரும் ஒவ்வொரு நீரும் தன் பங்குச் சுமையைக் குறைத்தாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை புரண்டு வயல், வீடு, சாலை, ரயில் பாதை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. உயிரும் உடைமையும் போன துக்கத்தில் வயல் மேல்மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. ஆனால் நடவு முடிந்து உரம் இட்ட மண் அது. மெல்ல மெல்லப் போக வேண்டியதை அந்த வெள்ளம் இரண்டே நாளில் கடலில் சேர்த்தது. இப்படிப்பட்ட மழை இனி அடிக்கடி வரும் என்றால், மண்ணில் மிச்சமாகக் கிடக்கும் உரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நிறுத்தச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறேன்

உரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொன்ன ஒரு நாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கை அரசு 2021 வசந்த காலத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. மாற்று ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் 2019-ல் அதே இலங்கையின் கொழும்பில்தான், வீணாகும் தழைச்சத்தை 2030-க்குள் பாதியாகக் குறைப்போம் என்று பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட கொழும்புப் பிரகடனம் பிறந்தது. வீணாவதைக் குறைப்பது வேறு, உரத்தையே பறிப்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் போனதற்கு ஏழை விவசாயிதான் விலை கொடுத்தார்.

பொறுமையாகச் செய்த நாடும் உண்டு. டென்மார்க் 1987-ல் தொடங்கி, பண்ணைக்குப் பண்ணை உரக் கணக்கு, நகரக் கழிவுநீரில் சத்து நீக்கம், வடித்துவிட்ட சதுப்புகளை மீட்டல் என்று பிடிவாதமாக நடத்தி, தன் கடலுக்குப் போகும் தழைச்சத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது. கடல் முழுக்கத் தேறிவிடவில்லை. பல பத்தாண்டுகள் கொட்டியதை ஒரே தலைமுறையில் சரிசெய்ய முடியாது. அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது.

நமக்கு வழி டென்மார்க்கிலிருந்து வர வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்திலேயே 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இட்லிக்கு ஊறப்போடும் குண்டு நெல்லில் பேர்போன அம்பை 16, 1986-ல் அங்கிருந்து வந்ததுதான். நல்ல விதையைக் கொடுத்த ஊர், நல்ல அளவையும் கொடுக்கலாம். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பட்டையில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில கட்டங்கள். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நான்காம் எண் கட்டத்தைவிட இலை வெளுத்திருந்தால் உரம் இடலாம், இல்லையென்றால் வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். இவ்வளவுதான். கடைக்காரர் சொல்வதையும் பக்கத்து வயல் பச்சையையும் பார்த்து முடிவெடுத்ததை, இனி தன் பயிரின் இலையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து இட்டால் சத்து மெதுவாக இறங்கும். இது பழைய பரிந்துரைதான். வயலில் தண்ணீரைச் சுண்டவிட்டு உரம் இட்டு, வாய்மடையை அடைத்து வைத்தால் அது அடுத்தவர் வயலுக்கு ஓடாது. மழை வரும்போல் இருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். இவை எதற்கும் பெரிய பணம் வேண்டாம். வேண்டியது கட்டுப்பாடான தண்ணீர் முறை. வயலுக்கு வயல் பாயும் பாசனத்தில் ஒருவர் மடையை அடைக்க வேண்டுமானால் கீழே உள்ளவர் சம்மதிக்க வேண்டும். அதனால் இது தனி ஆள் வேலையாக நடக்காது, கால்வாய்க்காரர்கள் கூடிச் செய்ய வேண்டியது.

இந்த ஆற்றின் பாசன அமைப்பே அப்படிக் கூடிச் செய்ததுதான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். நதியுண்ணி என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். நதியை உண்பது! மேல் அணைக்கட்டுப் பாசனத்தின் வடிநீர் ஆற்றில் விழும், அதைக் கீழ் அணைக்கட்டு மறுபடி பிடிக்கும். கால்வாய்கள் வழியில் குளங்களை நிரப்பும். குளத்தில் தங்கும் தண்ணீர் கோரைக்கும் தாமரைக்கும் சேற்றுக்கும் இடையே நிற்கும்போது, மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்று வெறும் காற்றாக வெளிவிடும். மணிச்சத்து வண்டலோடு அடியில் படியும். கோடையில் அந்த வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்குப் போக இருந்த சத்து, பாதி வழியில் பிடிபட்டு மறுபடி வயலுக்கே வந்தது. நீர்ப்பறவைகள் கூடும் கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை உரமாக மதித்த ஊர்க்காரர்கள்தான் அந்தப் பறவைகளையும் காத்தார்கள்.

இன்று குளம் தூர்ந்தால் நாம் கவலைப்படுவது கொள்ளளவு குறைந்ததே என்றுதான். இந்தப் பள்ளத்தாக்கின் சிறுநீரகம் பழுதாகிறது என்றும் கவலைப்பட வேண்டும். 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் குளங்களிலேயே தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அளக்க ஒரு பள்ளிக்கூட ஆய்வகம் போதும்.

நகரங்களுக்கு ஒரே வார்த்தை. சுத்திகரித்த நீரைத் தெளிவாக்கி ஆற்றில் விடுவதைவிட, தகுதி பார்த்துத் தென்னைக்கும் வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் விடுங்கள். அந்தத் தண்ணீரில் உள்ள சத்தையே காசு கொடுத்து உரமாக வாங்கும் விவசாயி பக்கத்திலேயே இருக்கிறார். ஆற்றில்தான் விட வேண்டும் என்றால், அதில் எவ்வளவு தழைச்சத்து, எவ்வளவு மணிச்சத்து என்று மாதாமாதம் ஊர் பார்க்கப் பலகையில் எழுதி வையுங்கள். அம்பை, விக்கிரமசிங்கபுரம் முதல் நெல்லை வரை எந்த உள்ளாட்சி மன்றத்திலும் உறுப்பினர் ஒருவர் எழுந்து இந்த இரண்டு எண்களைக் கேட்கலாம். கேட்டால்தான் அளப்பார்கள்.

ஜூன் மாதம் பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும். கால்வாயில் முதல் தண்ணீர் வரும்போது பூத்தூவி வரவேற்பது நம் வழக்கம். இந்த முறை நாற்றங்காலுக்கு விதை வாங்கப் போகும்போது, வேளாண் அலுவலகத்தில் ஒரு இலை வண்ண அட்டையையும் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் மேலுரத்துக்கு முன் ஒரு இலையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பச்சை போதும் என்று இலை சொன்னால், அந்த மூட்டையைப் பிரிக்காமல் வீட்டிலேயே வையுங்கள்.